தொழிற்கல்விப் பாடம்: ஒரே இழையில் 63 லைன்கள் – பழுதை எங்கே தேடுவது?

நம் மஹல்லாவில் டிப்ளமோவும் பொறியியலும் முடித்த பிள்ளைகள் பலர் இன்று நெட்வொர்க் வேலையில் இருக்கிறார்கள். சிலர் சென்னையிலும் பெங்களூருவிலும் கண்காணிப்பு அறைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள். சிலர் துபாய், தோஹா, ரியாத் என்று போயிருக்கிறார்கள். "என்ன வாப்பா வேலை பார்க்கிறே?" என்று வீட்டில் கேட்டால், "லைன் டவுன் ஆனா பார்க்கணும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த வேலையில் ஒரு முக்கியமான பகுதியை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒரே அதிவேக இணைப்பைப் பல சேனல்களாகப் பிரித்து ரூட்டரில் பயன்படுத்தும்போது அதை எப்படிக் கண்காணிப்பது, பழுது வந்தால் எப்படித் தேடுவது என்பதே பாடம். இத்துறையில் படிக்கும் பிள்ளைகள் முழுவதையும் படிக்க வேண்டும். மற்ற வீட்டார் முதல் இரண்டு பகுதிகளைப் படித்தாலே பிள்ளையின் வேலை என்ன என்பது விளங்கிவிடும்.

இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. ஒரு கிளை அலுவலகத்தின் லைன் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வரும். பதற்றத்தில் அந்த லைன் வரும் போர்ட்டையே அணைத்து மறுபடி எழுப்புவார்கள். அந்த ஒரு லைன் எழுந்ததோ இல்லையோ, அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற 62 லைன்களும் அந்த நொடியில் விழுந்துவிடும். அவற்றில் ஒன்று மருத்துவமனைக்குப் போவதாக இருக்கலாம். ஒன்று பணம் எடுக்கும் ஏ.டி.எம். இயந்திரத்துக்குப் போவதாக இருக்கலாம். ஆகவே தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்ப்பதையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறது.

1. ஒரு பெரிய குழாய், 63 கிளைகள்

தொலைபேசியில் நாம் பேசும் குரலை இயந்திரம் நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டுகளாக எழுதுகிறது. எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட். இதுதான் ஒரு குரல் சேனல். இப்படி 32 சேனல்களை அடுக்கினால் நொடிக்கு 20,48,000 பிட் ஓடும் ஒரு லைன் கிடைக்கும். இதற்கு ஈ1 என்று பெயர். இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இந்த முறைதான். அமெரிக்காவில் 24 சேனல்கள் கொண்ட டி1 முறை.

ஈ1 லைன்களைத் தனித்தனியாக இழுத்துக்கொண்டு போனால் ஒரு பெரிய அலுவலகத்துக்குள் கேபிள் காடே வளர்ந்துவிடும். அதனால் 63 ஈ1 லைன்களை ஒரே ஃபைபர் இணைப்பில் ஏற்றும் எஸ்டிஎம்-1 வந்தது. அதன் வேகம் நொடிக்கு 155.52 மெகாபிட். இதற்கான உலகளாவிய விதிகள் 1988இல் வகுக்கப்பட்டன. நூறு கிளைகள் உள்ள ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் ரூட்டரின் இரண்டு போர்ட்டுகளில் இரண்டு எஸ்டிஎம்-1 இணைப்புகளைச் செருகினால் போதும். எல்லாக் கிளைகளும் அதற்குள் வந்து சேர்ந்துவிடும். இப்படிப் பிரித்துப் பயன்படுத்தும் போர்ட்டைத்தான் சேனலைஸ்டு போர்ட் என்கிறார்கள்.

ஊர் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து ஒரு பெரிய குழாய் வருகிறது. அது மூன்று வட்டாரங்களுக்குப் பிரிகிறது. வட்டாரத்துக்கு ஏழு தெருக்கள். தெருவுக்கு மூன்று வீடுகள். மூன்றை ஏழால் பெருக்கி, மறுபடி மூன்றால் பெருக்கினால் 63. எஸ்டிஎம்-1இன் உள் அமைப்பும் அப்படியேதான். வட்டாரத்துக்கு டக்-3 என்றும், தெருவுக்கு டக்-2 என்றும் பெயர், வீடுதான் ஈ1. ஒரு வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் தொட்டியின் பெரிய வால்வை மூடுவதில்லை. முதலில் பக்கத்து வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று கேட்போம்.

2. முதல் கேள்வி: எத்தனை லைன் விழுந்தது?

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பதிலைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

63 லைன்களும் விழுந்திருந்தால், பழுது எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. ஃபைபர், அதன் முனையில் உள்ள ஒளிக் கருவி, ரூட்டர் கார்டு, அல்லது லைன் தரும் நிறுவனத்தின் முதல் கருவி ஆகியவற்றில் ஒன்று.

21 லைன்கள் ஒன்றாக விழுந்திருந்தால், ஒரு டக்-3 முழுவதும் போயிருக்கிறது என்று பொருள். லைன் தரும் நிறுவனங்களின் மக்ஸ் கருவிகளில் 21 ஈ1 முனைகள் கொண்ட கார்டுகள் பரவலாக உண்டு. அப்படி ஒரு கார்டு பழுதானாலும், 21 லைன்களையும் ஒரே வழியில் கொண்டுபோகும் பாதை அறுந்தாலும் இந்த எண்ணிக்கை வரும். நம் ஃபைபரைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

மூன்று லைன்கள் மட்டும் விழுந்து, அவை ஒரே டக்-2ஐச் சேர்ந்தவையாக இருந்தால், நம் ரூட்டரில் அண்மையில் யாராவது செட்டிங் மாற்றினார்களா என்று பாருங்கள். பிறகு லைன் நிறுவனத்தில் அந்த டக்-2 எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரே ஒரு லைன் என்றால், அந்தக் கிளையின் கடைசிப் பகுதி, அங்குள்ள மோடம், ரூட்டர், மின்சாரம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். கிளையில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டு ஒரு மணி நேரம் ரூட்டரைத் துருவுகிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இதற்கு ஒரு முன்தயாரிப்பு வேண்டும். எந்த ஈ1 எந்தக் கிளைக்குப் போகிறது என்ற அட்டவணை கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விழுந்த லைன்களுக்குள் என்ன தொடர்பு என்பதே தெரியாது.

3. அலாரம் யார் பக்கம் பேசுகிறது?

ரூட்டரில் கன்ட்ரோலரின் நிலையைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால் சில அலாரப் பெயர்கள் தெரியும். நான்கை மட்டும் இப்போது நன்றாகப் படித்துக்கொள்வோம்.

எல்ஓஎஸ்: சிக்னலே இல்லை. நம் போர்ட்டுக்குள் வர வேண்டிய ஒளி வரவில்லை. ஃபைபர் அறுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், எதிர்க் கருவி அணைந்திருக்கலாம். அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் மாறிச் செருகப்பட்டிருக்கவும் கூடும்.

எல்ஓஎஃப்: ஒளி வருகிறது, ஆனால் அதில் ஃபிரேமின் தொடக்கம் எங்கே என்று ரூட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒளி மிகவும் பலவீனமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஃபிரேம் முறை வேறாக, அதாவது ஒரு பக்கம் ஐரோப்பிய எஸ்டிஹெச், மறுபக்கம் அமெரிக்க சோனெட் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஏஐஎஸ்: வழியில் உள்ள ஒரு கருவி, "எனக்கு முன்னால் சிக்னல் போய்விட்டது, உங்கள் பக்கம் தவறில்லை" என்று நமக்குச் சொல்லும் அறிவிப்பு. தகவலுக்குப் பதிலாக எல்லா பிட்டுகளையும் 1 ஆக்கி அனுப்பும். இது வந்தால் நமக்கும் அந்தக் கருவிக்கும் இடையே உள்ள பாதை நன்றாக இருக்கிறது. பழுது அதற்கும் அப்பால்.

ஆர்டிஐ: எதிர்முனை நமக்குத் திருப்பிச் சொல்லும் செய்தி. "நீங்கள் அனுப்புவது எனக்குச் சரியாக வந்து சேரவில்லை" என்று பொருள். இது தெரிந்தால் நாம் வாங்கும் பாதையைக் குடைந்து பயனில்லை. நாம் அனுப்பும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: எல்ஓஎஸ் என்றால் நம் வாசலில் பார், ஏஐஎஸ் என்றால் அப்பால் பார், ஆர்டிஐ என்றால் நம்மிடமிருந்து போகும் வழியைப் பார். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. லைன் நிறுவனத்திடம் பேசும்போதும், "லைன் டவுன் சார்" என்பதற்குப் பதிலாக, "எங்களுக்கு ஒளி வருகிறது, ஆனால் ஏஐஎஸ் வருகிறது" என்று சொன்னால் அவர்கள் நம்மைத் தட்டிக் கழிக்க முடியாது.

4. பிழைகளை எண்ணும் நான்கு இடங்கள்

லைன் முழுவதும் விழாமல் மெதுவாக ஓடும் பழுதுதான் தொல்லை அதிகம் தருவது. அதைப் பிடிக்க பிழைக் கவுண்டர்கள் உதவும்.

எஸ்டிஎம்-1இல் பி1, பி2, பி3 என்று மூன்று சரிபார்ப்பு பைட்டுகள் உண்டு. ஈ1ஐச் சுமக்கும் சிறு பொதியில் வி5 என்று இன்னொன்று உண்டு. பி1 நமக்குப் பக்கத்தில் உள்ள கடைசித் துண்டில் ஏற்படும் பிழையை மட்டும் எண்ணும். பி2 நமக்கு அடுத்த மக்ஸ் கருவி வரையிலான பகுதியை எண்ணும். பி3 பெரிய பாதையின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எண்ணும். வி5 அந்த ஒரு ஈ1 பயணிக்கும் பாதையை மட்டும் எண்ணும்.

பி1, பி2, பி3 மூன்றும் ஏறினால் பழுது நம் வாசலுக்கு அருகில். பி1 சுத்தமாக இருந்து பி3 மட்டும் ஏறினால் நம் ஃபைபர் நன்றாக இருக்கிறது. லைன் நிறுவனத்தின் வலைக்குள் எங்கோ கோளாறு. மூன்றும் சுத்தமாக இருந்து ஒரே ஒரு ஈ1இன் வி5 மட்டும் ஏறினால் அந்தக் கிளைக்குப் போகும் தனிப் பாதையில் கோளாறு.

கவுண்டரில் பெரிய எண் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஆறு மாதத்துக்கு முன் ஃபைபர் அறுந்தபோது ஏறிய எண்ணாகவும் இருக்கலாம். இப்போதைய எண்ணைக் குறித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறினால்தான் இன்றைய பழுது.

ரூட்டரே இந்தப் பிழைகளை 15 நிமிடத்துக்கு ஒரு பதிவாக வைத்திருக்கும். ஒரு நாளுக்கு 96 பதிவுகள். அதில் பிழையுள்ள நொடி, கடும் பிழையுள்ள நொடி, பயன்படாத நொடி என்று பிரித்து எழுதியிருக்கும். கடும் பிழை தொடர்ந்து 10 நொடி நீடித்தால் அந்த நேரம் பயன்படாத நொடிக் கணக்கில் சேரும். இந்த 96 பதிவுகளையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். பிற்பகலில் மட்டும் பிழை ஏறுகிறதா? மழை பெய்த நேரத்தில் மட்டுமா? ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டுமா? நேரத்தைப் பார்த்தாலே காரணத்தை நெருங்கிவிடலாம்.

5. ஒளியை அளப்பது

எல்ஓஎஸ் வந்தாலும் பி1 ஏறினாலும் அடுத்த வேலை ஒளியை அளப்பது. ரூட்டரே காட்டினால் நல்லது. இல்லாவிட்டால் பவர் மீட்டர் வேண்டும். அளவு டிபிஎம் என்ற கணக்கில் வரும். 0 டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட். மூன்று குறைந்தால் ஒளி பாதியாகும்.

எஸ்டிஎம்-1இல் பரவலாகப் பயன்படும் குறுந்தொலைவு வகையில், அனுப்பும் ஒளி −8க்கும் −15க்கும் இடையில் இருக்க வேண்டும். வாங்கும் பக்கம் −28 வரை தாங்கும். மீட்டர் −20 காட்டினால் நல்ல நிலை. −27 காட்டினால் இன்று ஓடும், நாளை தடுமாறும். −31 என்றால் பிழை வந்தே தீரும்.

ஒளி கூடிப்போனாலும் பழுதுதான். நெடுந்தொலைவு வகைக் கருவிகள் 0 டிபிஎம் வரை அனுப்பும். ஆனால் வாங்கும் பக்கம் −10க்கு மேல் தாங்காது. இரண்டையும் ஒரே அறையில் சிறிய பேட்ச் கார்டால் இணைத்தால் பிழை கொட்டும். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டனுவேட்டர் போட வேண்டும்.

ஒளி குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கை. ஃபைபர் முனையில் கண்ணுக்குத் தெரியாத தூசி போதும். அதற்கென உள்ள துடைப்பானால் துடைத்துச் செருகுங்கள்; சட்டை நுனியால் துடைக்காதீர்கள். பேட்ச் கார்டு கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, மிகவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து "லைட் வருகிறதா" என்று ஒருபோதும் பார்க்கக் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. கண்ணின் உட்புறத்தைக் கெடுத்துவிடக் கூடியது. இதைப் பெற்றோரும் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.

6. அலாரம் இல்லை, ஆனாலும் லைன் ஓடவில்லை

அலாரம் ஒன்றும் இல்லாமல், ஒளியும் நன்றாக இருந்து, லைன் மட்டும் எழாவிட்டால் செட்டிங் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, க்ளாக். இரண்டு ரூட்டர்களை நேராக ஃபைபரில் இணைத்தால் ஒன்று தன் சொந்த க்ளாக்கில் ஓட வேண்டும். மற்றது லைனிலிருந்து வரும் க்ளாக்கைப் பின்பற்ற வேண்டும். நடுவில் லைன் நிறுவனத்தின் வலை இருந்தால் இரண்டு ரூட்டர்களுமே லைன் க்ளாக்கைப் பின்பற்ற வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனி க்ளாக்கில் ஓடினால் ஃபிரேம் நழுவும். இதை ஸ்லிப் என்கிறார்கள். க்ளாக்குகளுக்குள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே போதும். 125 நொடிக்கு ஒரு ஃபிரேம் நழுவும். பிழை ஒரே இடைவெளியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் க்ளாக்கை நினையுங்கள்.

இரண்டாவது, டைம்ஸ்லாட். ஃபிரேம் முறையில் ஓடும் ஈ1இன் 32 இடங்களில் முதலாவது ஃபிரேமுக்கு உரியது. மீதி 31ஐத் தகவலுக்குப் பயன்படுத்தலாம். குரல் லைன்களில் 16ஆம் இடம் சிக்னலுக்குப் போகும். ஒரு பக்கம் 31ஐயும் எடுத்து, மறுபக்கம் 16ஐ விட்டு 30ஐ மட்டும் எடுத்திருந்தால், ஈ1 எழுந்திருக்கும், தகவல் ஓடாது.

மூன்றாவது, பேச்சு முறையும் சரிபார்ப்பும். ஒரு பக்கம் பிபிபி, மறுபக்கம் ஹெச்டிஎல்சி என்று இருக்கக் கூடாது. பொதியைச் சரிபார்க்கும் சிஆர்சி இரு பக்கமும் 16 அல்லது இரு பக்கமும் 32 ஆக இருக்க வேண்டும்.

நான்காவது, எண் முறை. இதில் அனுபவசாலிகளும் தடுக்கி விழுவார்கள். 63 ஈ1களுக்கு 1 முதல் 63 வரை எண் போட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஒரு முறை வட்டாரம், தெரு, வீடு என்று வரிசையாக எண்ணும். அதில் முதல் வட்டாரம், முதல் தெரு, இரண்டாம் வீட்டுக்கு எண் 2. உலகத் தரநிலையில் உள்ள இன்னொரு முறையில் அதே வீட்டுக்கு எண் 22. நாம் ஒன்றையும் லைன் நிறுவனம் மற்றொன்றையும் பின்பற்றினால், ஒரு கிளையின் லைன் வேறொரு கிளையின் இடத்தில் வந்து நிற்கும். ஆகவே தொலைபேசியில் "22ஆம் நம்பர்" என்று மட்டும் பேசாதீர்கள். டக்-3 எத்தனை, டக்-2 எத்தனை, ஈ1 எத்தனை என்று மூன்றையும் சொல்லுங்கள்.

7. லூப் போட்டுப் பார்ப்பது

இவ்வளவும் பார்த்த பிறகே கை வைக்கும் சோதனைக்கு வர வேண்டும். லூப் என்றால் அனுப்பியதை அப்படியே திருப்பி நமக்கே வரச் செய்வது. பாதையை இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும்.

முதலில் நம் ரூட்டருக்குள்ளேயே லூப். அது சரியாக ஓடினால் ரூட்டர் நலம். அடுத்து லைன் நிறுவனத்தின் முதல் கருவியில் நம்மை நோக்கி லூப் போடச் சொல்லுங்கள். அதுவும் சரி என்றால் கிளைக்குப் பக்கத்தில் உள்ள கருவியில். கடைசியாகக் கிளையில். எந்த இடத்தில் முதல்முறையாகச் சோதனை தோற்கிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது.

லூப்பில் இருக்கும்போது பிட் பிழைச் சோதனை ஓட்டலாம். ஒரு ஈ1இல் ஒரு நிமிடத்தில் 12 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் போய்வரும். ஐந்து நிமிடம் ஓட்டி ஒரு பிழையும் இல்லை என்றால் அந்தத் துண்டை நம்பலாம். பிபிபி முறையில் லூப் போட்டால் ரூட்டர் தன் குரலையே தான் கேட்பதை அறிந்து இணைப்பை எழுப்பாது. அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். சோதனை நேரத்துக்கு ஹெச்டிஎல்சிக்கு மாற்றிப் பாருங்கள்.

இங்கே மூன்று விதிகளை மறக்கக் கூடாது. ஒன்று, பழுதான ஈ1க்கு மட்டும் லூப் போடுங்கள். எஸ்டிஎம்-1 முழுவதற்கும் போட்டால் 63 கிளைகளும் நின்றுவிடும். இரண்டு, அந்தக் கிளைக்கும் மேலதிகாரிக்கும் சொல்லிவிட்டுப் போடுங்கள். மூன்று, போட்ட லூப்பை எடுத்துவிட்டோமா என்று எழுதி வைத்துச் சரிபாருங்கள். மறந்து விட்ட லூப்பே மறுநாள் புதிய பழுதாகும்.

8. ஓர் இரவு, ஒரு பழுது

இதுவரை படித்ததை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். இரவு 11.40. ஒரு கிளையிலிருந்து அழைப்பு: "லைன் இருக்கிறது, ஆனால் அடிக்கடி திக்கித் திக்கி ஓடுகிறது." அட்டவணையைப் பார்க்கிறோம். முதல் டக்-3, ஐந்தாவது டக்-2, இரண்டாவது ஈ1.

எத்தனை லைன்? இது ஒன்று மட்டும். மற்ற 62உம் நலம். அலாரம்? ஒன்றும் இல்லை. பி1, பி2, பி3? ஐந்து நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்தோம், ஏறவில்லை. ஆகவே ஃபைபரைத் தொட வேண்டியதில்லை. இந்த ஈ1இன் வி5? அதுவும் சுத்தம். ஆகவே லைன் நிறுவனத்தின் பாதையும் நலம். மீதி இருப்பது கிளை ரூட்டர்.

கிளை ரூட்டரின் ஈ1 கவுண்டரைப் பார்க்கிறோம். ஸ்லிப் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில். கிளையில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்கிறோம். போன வாரம் பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்களாம். அதில் க்ளாக் சொந்தமாக ஓடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. லைன் க்ளாக்குக்கு மாற்றுகிறோம். ஸ்லிப் நின்றது. பதினைந்து நிமிடப் பதிவு ஒன்று சுத்தமாக முடியும்வரை காத்திருந்து அழைப்பை மூடுகிறோம்.

யாரும் எந்த ஃபைபரையும் கழற்றவில்லை. 62 லைன்களில் ஒன்றுக்கும் இப்படி ஓர் இரவு நடந்ததே தெரியாது. நல்ல வேலை இப்படித்தான் இருக்கும்.

9. பழுதுக்கு முன்பே கண்காணிப்பது

நன்றாக ஓடும் நாளில் ஒளி எவ்வளவு, பிழை எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு என்று குறித்து வைத்திருந்தால்தான் பழுதான நாளில் ஒப்பிட முடியும். ஒளி −18இலிருந்து மாதந்தோறும் குறைந்து −24க்கு வந்திருந்தால், லைன் விழுவதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

போக்குவரத்தை அளக்கும்போது ஒரு கண்ணி உண்டு. பழைய 32 பிட் கவுண்டர் சுமார் 429 கோடி பைட்டுக்குப் பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எஸ்டிஎம்-1 முழு வேகத்தில் ஓடினால் நான்கு நிமிடத்துக்குள் அது நிரம்பிவிடும். கண்காணிப்பு மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால், வரைபடம் பொய் சொல்லும். 2.5 கிகாபிட் வேகத்தில் 14 நொடியே போதும். ஆகவே அதிவேகப் போர்ட்டுகளுக்கு 64 பிட் கவுண்டரையே படிக்கும்படி வையுங்கள்.

வெளியே போகும் பக்கத்தில் பொதிகள் கைவிடப்படுவதாகக் காட்டினால் அது பெரும்பாலும் நெரிசல். லைன் பழுது என்று புகார் எழுதிவிடாதீர்கள். உள்ளே வரும் பக்கத்தில் சிஆர்சி பிழை ஏறினால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

10. புதிய கருவிகளில் இதே பாடம்

ஈ1, எஸ்டிஎம்-1 இணைப்புகளின் இடத்தை இப்போது ஈதர்நெட் பிடித்துவருகிறது. பிறகு எதற்கு இந்தப் பாடம் என்று மாணவர்கள் கேட்கலாம். பிரித்துப் பயன்படுத்தும் வேலை போய்விடவில்லை. இன்றைய ரூட்டரில் 100 கிகாபிட் போர்ட் ஒன்றை 25 கிகாபிட் லைன்கள் நான்காகப் பிரிக்கலாம். 40 கிகாபிட் போர்ட்டை 10 கிகாபிட் லைன்கள் நான்காகப் பிரிக்கலாம்.

அங்கும் முதல் கேள்வி அதேதான். நான்கும் விழுந்ததா, ஒன்று மட்டுமா? நான்கும் என்றால் பொதுவான கருவியைப் பாருங்கள். ஒன்று என்றால் அந்தத் தனி இழையின் ஒளியைப் பாருங்கள்; நான்குக்கும் தனித்தனி ஒளி அளவு தெரியும். இவற்றில் பிழையைத் தானே திருத்தும் எஃப்இசி என்ற ஏற்பாடு உண்டு. திருத்தப்பட்ட பிழை ஓரளவு ஏறுவது இயல்பு. திருத்த முடியாத பிழை ஏறினால் பழுது. ஒரு பக்கம் எஃப்இசி போட்டு மறுபக்கம் போடாவிட்டால் லைன் எழாது. பிரிப்பு முறையை மாற்றினால் பல ரூட்டர்களில் அந்தப் போர்ட்டின் எல்லா லைன்களும் ஒருமுறை விழுந்து எழும். ஆகவே ஒன்றுக்காக மற்றவற்றை நிறுத்தாதீர்கள் என்ற விதி இங்கும் அப்படியே பொருந்துகிறது.

பயிற்சி வினாக்கள்

மாணவர்கள் விடையை மூடி வைத்துவிட்டு முயன்று பாருங்கள்.

வினா 1: நம் ரூட்டரில் ஒளி நன்றாக இருக்கிறது. எஸ்டிஎம்-1 அளவில் ஆர்டிஐ அலாரம் மட்டும் தெரிகிறது. எங்கே தேடுவோம்?
விடை: நாம் அனுப்பும் பாதையில். நம் அனுப்பும் ஒளியை அளந்து, அந்த இழையின் முனைகளைத் துடைத்து, எதிர்முனையில் எவ்வளவு ஒளி போய்ச் சேருகிறது என்று கேட்போம்.

வினா 2: இரண்டாவது டக்-3இல் உள்ள 21 லைன்களும் விழுந்துள்ளன. அவை ஒவ்வொன்றிலும் ஏஐஎஸ். மற்ற 42உம் நலம். போர்ட்டை அணைத்து எழுப்பலாமா?
விடை: கூடாது. பழுது அப்பால் இருக்கிறது என்று ஏஐஎஸ் சொல்லிவிட்டது. அணைத்தால் நல்ல 42உம் விழும். டக்-3இன் எண்ணைச் சொல்லி லைன் நிறுவனத்தில் புகார் பதிய வேண்டும்.

வினா 3: பி1 ஏறவில்லை, பி3 ஏறுகிறது. பேட்ச் கார்டை மாற்றலாமா?
விடை: வேண்டாம். கடைசித் துண்டு சுத்தமாக இருப்பதை பி1 காட்டுகிறது. பழுது லைன் நிறுவனத்தின் வலைக்குள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்து உங்கள் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், 63 இடங்களின் லைன்கள் அவரிடம் அமானிதமாக இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை பதறாத மனமும், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும். பார்த்ததை நேரத்தோடு எழுதி, எழுதியதை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தை மாணவர்கள் படிக்கும் காலத்திலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.